காகம் உட்காராத மரம்

வலங்கைமான்,
திங்கட்கிழமை

தம்பிக்கு,

உன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. துபாயில் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். சிலர் நம்பினார்கள்.

படையல் சோற்றைக் காகம் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கொல்லையில் நின்று கூப்பிட்டோம்.

"அக்காவுக்கு மனசுல குறை, அத்தான். புள்ள மொகத்தப் பாக்காமப் போயிட்டால்ல?" என்றாள் உன் சித்தி.

நான் தாவரவியல் பேசினேன். காகம் காரில் எச்சமிடுகிறது என்று நாம் வெட்டிய அத்திமரத்தில் பழம் இருந்தது, காகமும் இருந்தது. அதற்குப் பதில் நீ போனில் படம் அனுப்பி நடச் சொன்ன கோனோகார்ப்பஸ் மரத்தில் பழமும் இல்லை, புழுவும் இல்லை. நான்கு வருடமாக அதில் ஒரு குருவிகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மரத்து மேல பழியப் போடாதீங்க" என்றாள்.

இலையைத் தூக்கிக்கொண்டு வீரையன் வீட்டு அரசமரத்தடிக்குப் போனோம். வைத்த கையை எடுப்பதற்குள் நான்கு காகங்கள் இறங்கின.

ஆகவே ஊருக்கு உன்மேல் குறையில்லை, மரத்தின்மேல்தான்.

கடைசி வாரம் கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னாள் அம்மா. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா