மலை எங்கே தொடங்குகிறது, பத்மா?

என் பத்மா,

இந்தக் குடும்பத்தில் பதில் தெரிந்த ஒரே ஆள் நீதான். பதில் வராது என்று தெரிந்தும் அதனால் உனக்கே எழுதுகிறேன். இதை இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் இதழில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிப்பவர்களில் யாருக்காவது விவரம் தெரிந்திருக்கலாம் என்று ஒரு சின்ன ஆசை எனக்கு. தெரியாவிட்டாலும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. முடிவை எடுத்துவிட்டேன். அது சரியா என்பதுதான் பிடிபடவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நான் மிட்சம் ஊரில் நம் மகள் நித்யா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். யாழினிக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. சின்னவள் நிலாவுக்கு மூன்று முடிந்தது. கையில் அகப்படும் கல்லையெல்லாம் வாயில் போடுகிறாள். தண்ணீரைக் கண்டால் ஓடுகிறாள், நம்மைக் கண்டால் அதைவிட வேகமாக ஓடுகிறாள்.

மாப்பிள்ளை செந்தூரன் ஆகஸ்டில் பத்து நாளைக்கு ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்திருக்கிறார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ஐந்து பேரும் போகிறோம். எங்கே நிறுத்தித் தங்குவது என்பதை மட்டும் நித்யா என் தலையில் வைத்தாள்.

"அப்பா, கேம்ப்சைட் நீங்க பாருங்க. மலைகிட்ட இருக்கணும், பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். எல்லாத்தையும் செக் பண்ணி டேபிள் போடறது உங்களுக்குத்தானே வரும்?"

இந்த வேலையை அவள் ஏன் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். ஏழு மாதமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை எழுப்ப ஏதாவது வேண்டும். ஏன் மலை என்பதும் எனக்குத் தெரியும். மலைக்குக் காரணம் நீ. சென்ற கோடையில், பள்ளியில் மலைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்த யாழினியிடம், "அடுத்த வருஷம் லீவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சிடும். உன்னை ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போறேன், இது சத்தியம்" என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சொன்னாய். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு உன் இதயம் நின்றுவிட்டது.

சரி என்று உட்கார்ந்தேன். ஒரு பெரிய தாளில் கோடு போட்டேன். விளையாட்டுத் திடல், வேலி, குளியலறைக்கு எத்தனை அடி, வண்டிக்கு மின்சாரம், ஒரு வண்டி மட்டுமே போகும் சாலையில் எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்க இடம். நாற்பது வருடம் அலுவலகத்தில் பிறர் வரைந்த படங்களைச் சரிபார்த்தவன் நான். சொந்தமாக ஒரு படம் வரைந்து கையெழுத்திட்டவன் இல்லை. சரிபார்ப்பதற்கு ஒன்று இருந்தால் என்னால் முடியும். தேர்ந்தெடு என்றால் கை ஓடுவதில்லை. காய்கறிக் கடையில்கூடக் கத்தரிக்காயை நீதான் எடுத்துப் பையில் போடுவாய்.

தங்கிவந்தவர்கள் எழுதியவற்றைப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. ஓர் இடத்தைப் பற்றி ஒருவர், "நடுவே ஓடை, பிள்ளைகள் வெளியே வரவே மாட்டேன் என்றார்கள்" என்று எழுதுகிறார். அதே இடத்தைப் பற்றி இன்னொருவர், "நடுவே ஓடை, ஒரு நிமிடம் கண் அசர முடியவில்லை" என்கிறார். ஓடையை எந்தக் கட்டத்தில் போடுவது, நன்மையிலா தீமையிலா? யாழினிக்கு ஒரு கட்டம், நிலாவுக்கு ஒரு கட்டம் என்று பிரித்தேன். ஒருத்திக்கு நல்லதெல்லாம் மற்றவளுக்கு ஆபத்தாக வந்து நின்றது.

இதெல்லாம் நித்யாவுக்குத் தெரிந்த கட்டங்கள். தெரியாத கட்டம் ஒன்றும் இருந்தது. தாளின் வலதுபக்க ஓரத்தில் பென்சிலால் 'உயரம்' என்று எழுதியிருந்தேன். உனக்குப் புரிந்திருக்கும். உனக்குக் கொள்ளி வைத்தவன் நான். நமக்கு மகன் இல்லை, நானே எல்லாம் செய்தேன். காரியம் செய்தவன் வருஷம் முடியும்வரை மலை ஏறக்கூடாது என்பார்களே! உன் வருஷம் நவம்பரில்தான் முடிகிறது. பள்ளி விடுமுறையோ ஆகஸ்டில்.

அது நம்பிக்கையா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. படித்தவன்தான், ஆனால் உன் விஷயத்தில் பரீட்சை செய்து பார்க்கும் தைரியம் எனக்கில்லை. வண்டியில் உட்கார்ந்தபடி மேலே போவது ஏறுவதாகுமா? மலையடிவாரத்தில் படுத்தால் குற்றமா? எத்தனை மீட்டரில் ஒரு நிலம் மலையாகிறது?

திருச்சிக்கு, உன் தங்கை வசந்தாவிடம் போன் போட்டேன்.

"கோயில் மலைக்குத்தான் கூடாதுன்னு நெனைக்கிறேன் அத்தான். வெறும் மலையும் கூடாதுன்னு சிலர் சொல்றாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இந்த மாதிரி சந்தேகத்துக்கெல்லாம் நான் அக்காவுக்குத்தானே போன் போடுவேன்?" என்றாள்.

அதனால் நான் ஒரு கோழை வேலை செய்தேன். 'உயரம்' கட்டத்தில் குறைந்த எண் உள்ளவற்றை மேலே கொண்டுவந்து, மூன்று இடங்களை நித்யாவிடம் கொடுத்தேன். மூன்றும் நார்ஃபோக் கடற்கரைப் பக்கம். சப்பாத்திப் பலகைபோலத் தட்டையான ஊர்கள். திடல் உண்டு, வேலி உண்டு, ஓடை இல்லை. வேலை அவசரத்தில் நித்யா, "நீங்க பார்த்தா சரியா இருக்கும்பா" என்று மேலோட்டமாகப் பார்த்து வைத்துவிட்டாள். யாழினிதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தாத்தா, வேர் இஸ் த மலை?"

"பின்னாடி இருக்கும்மா. படம் எடுத்தவருக்குப் பின்னாடி."

எழுபத்துநான்கு வயதில் ஏழு வயதுக் குழந்தையிடம் சொன்ன பொய். அவள் நம்பிவிட்டாள். நம்பியதோடு விடவில்லை. சனிக்கிழமை காலை தோசை தின்றபடி அப்பாவிடம், "மலை கேமராவுக்குப் பின்னாடி இருக்கு, ஸோ நமக்குத் தெரியல" என்று விளக்கினாள். செந்தூரன் போனில் வரைபடத்தைத் திறந்தார். நித்யா எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல ஒண்ணுகூட மலையே இல்லப்பா! மணல்மேடுதான் இருக்கு. நீங்க எப்படி இதை மிஸ் பண்ணீங்க?"

மிஸ் பண்ணவில்லை என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் கட்டத்தையும் காட்டினேன்.

அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப போன வாரமே இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. குழந்தைகிட்டப் பொய் சொல்றதுக்கு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

செந்தூரன்தான் அந்த இறுக்கத்தை உடைத்தார். "மாமா, எங்கட ஊரில மலையே இல்லை. பிறகெப்பிடி ஏறக்கூடாதெண்டு சட்டம் போடுறது? யாழ்ப்பாணத்தில நீங்கள் நாலு படி ஏறினாலே அது மொட்டைமாடி."

"செந்தூ, சும்மா இருங்க."

"இல்லை, ஒரு வழி சொல்லுறன். மாமா எங்கட சட்டத்தில ஏறட்டும். இறங்கேக்க உங்கட சட்டத்துக்கு மாறட்டும்."

எனக்கே சிரிப்பு வந்தது. நித்யா சிரிக்கவில்லை. "அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? நாப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை, பத்மா.

"அப்ப நாங்க ஏறுறோம், நீங்க வண்டியில இருங்க" என்றாள் கடைசியில். யாழினி தட்டைத் தள்ளினாள். "நோ. பாட்டி கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க. பாட்டி வரல. தாத்தாவும் வரலன்னா, யார் கூட்டிட்டுப் போறது? நான் சும்மா போறதா ஆயிடும்." சும்மா போவதற்கும் கூட்டிக்கொண்டு போகப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

உன் வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் உனக்கான வருஷத்தை மீற வேண்டும். நான் யாரிடம் போய் நிற்பது?

அன்று முழுதும் ஒரு காட்சிதான் கண்முன் நின்றது. உன் அப்பா இறந்த வருடம் ஸ்காட்லாந்து போனோமே. நித்யா சின்னவள். மலையடியில் காரை நிறுத்தினேன். நீ கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாய். பிறகு அதை உள்ளே எடுத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாய். வருஷம் முடியவில்லை, அதனால்தான் என்று எண்ணி நாங்கள் போனோம். மூன்று மணி நேரம் நீ காரிலேயே இருந்தாய்.

இப்போது யோசிக்கிறேன். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அந்த விலக்கே கிடையாது. வழக்கம் எல்லாம் தெரிந்த உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அன்று காலை நீ மலைக்கென்று வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டுதானே கிளம்பினாய்? பிறகு ஏன் ஏறவில்லை? அப்பா இல்லாத முதல் வருடத்தில் உயரமான இடத்தில் நின்று சந்தோஷப்பட உனக்கு மனம் வரவில்லையா? நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கையைப் பிடித்து "வா" என்று சொல்லியிருந்தால், வந்திருப்பாயா? நான் கேட்கவில்லை. விதி என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. இன்றும் அந்த வசதியைத்தான் பென்சில் கட்டத்துக்குள் தேடினேனோ?

திங்கட்கிழமை, வடக்கு வேல்ஸில் ஒரு கேம்ப்சைட்டுக்கு நானே போன் போட்டேன். பட்டியலில் எல்லாக் கட்டமும் நிறைந்து, உயரத்தால் மட்டும் கீழே தள்ளிய இடம் அது. எடுத்தது ஒரு வயதான பெண்மணி. கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேட்டேன். ஓடை உண்டு, கணுக்கால் அளவுதான், அதற்கும் வேலி உண்டு. திடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. கடைசியாக, தயங்கித் தயங்கி, "உங்கள் இடம் மலையின் மேல் இருக்கிறதா, கீழே இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. பின்பக்கக் கதவைத் தாண்டினால்தான் மலை என்பார் என் கணவர். எனக்குத் தார்ச்சாலை முடிந்த இடத்திலேயே மலை வந்துவிடுகிறது. நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்களேன்."

அங்கேயே குடியிருப்பவர்களுக்கே தெரியாததை நான் எந்தக் கணக்கில் கண்டுபிடிப்பது? "பெரியவர்கள் மூன்று, குழந்தைகள் இரண்டு, ஒரு வண்டி" என்று சொல்லிவிட்டேன். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இடத்தின் படத்தைக் காட்டினேன். மலையைத் தேட வேண்டியிருக்கவில்லை, படம் முழுக்க அதுதான். அவள் அதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள். "போவேன்" என்றேன். உள்ளங்கையை நீட்டினாள். அடித்துக் கொடுத்தேன்.

உன்னிடம் ஒப்புதல் வாங்க இனி வழியில்லை. ஆகவே சொல்லிவிட்டுச் செய்கிறேன். மாதா மாதம் உனக்குச் செய்ய வேண்டியதில் எதையும் குறைக்கமாட்டேன். தப்பென்றால் அந்தத் தப்பு என்னை மட்டுமே சேரட்டும். ஆகஸ்டில் அந்தப் பின்பக்கக் கதவை நான்தான் திறப்பேன். யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். மூச்சு வாங்கினால் உட்காருவேன், அவள் கூப்பிட்டால் எழுவேன். உச்சி வரை போவேனா தெரியாது, ஆனால் பயந்து திரும்பமாட்டேன்.

ஒருநாளும் நீ பெயர் சொல்லி அழைக்காத உன் வீட்டுக்காரன்,
சிவராமன்