குடத்தால் நீ போகவில்லை

பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட என் செல்லத்துக்கு,

நீ தம்பியா, தங்கையா? அதுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் உன்மேல் பொறாமையாக இருக்கிறது. என் கட்டுரைக்குப் பள்ளியில் முதல் பரிசு கிடைத்தது. அம்மா "ம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கும்போது என்மேல் போடுகிற கை இப்போது அவள் வயிற்றின்மேலேயே கிடக்கிறது. இத்தனை வருஷம் கூடவே இருக்கும் என்னைவிட, மூன்று மாதம்கூட இல்லாத நீ எப்படிப் பெரிதானாய்?

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அதனால் நீ வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் தெரியாது. கீழ்வீட்டு மாமி கேட்டால் "ஜுரம்" என்கிறாள் அம்மா.

மந்தைவெளியில் இப்போது லாரித் தண்ணீர்தான். திடீரென்று குடம் தூக்காமல் நின்றால் வரிசையில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அம்மாவே தூக்கினாள். விஷயம் தெரிந்த அத்தை, "ரெண்டு மாடி குடத்தோட ஏறினா எப்படித் தங்கும்?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அம்மா, "நான்தான் தூக்கினேன், நான்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று தி.நகர் டாக்டரம்மாவிடம் அம்மாவோடு நான் போனேன். "குடம் தூக்கினதாலயா டாக்டர்?" என்று நானே கேட்டேன்.

"இல்லம்மா. தோலையும் எலும்பையும் பிணைச்சு வைக்குதே கொலாஜன், அந்த மாதிரிப் புரதங்கள் கர்ப்பப்பையோட உள்சுவர்லயும் இருக்கு. கரு அதுலதான் பிடிச்சு ஊன்றணும். சில சமயம் அந்தப் பிடிப்பு சரியா அமையாம போகலாம். பல சமயம் கருவுலயே கோளாறு இருக்கும். உங்கம்மாவுக்கு எதுன்னு என்னால சொல்ல முடியாது. குடம் இல்லைன்னு மட்டும் நிச்சயமா சொல்லுவேன்."

பஸ்ஸில் அம்மா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பிறகு, "நீ மட்டும் எப்படிடி அவ்வளவு கெட்டியா பிடிச்சுக்கிட்டே?" என்றாள்.

"விட்டா வேற யாராவது வந்துடுவாங்களேன்னுதான்."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த அழுகை உனக்குத்தான். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் இனி அத்தை குடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் சும்மா இருக்கமாட்டேன். அம்மா சரி என்று சொல்லும் நாளில், கீழ்வீட்டு மாமியிடம் ஜுரம் இல்லை என்பேன். எங்கள் வீட்டுக்கு நீ வந்திருந்தாய் என்று சொல்வேன்.

உன்னைப் பார்க்காமலே உன்னோடு சண்டை போடும்
உன் அக்கா