விசில் ஊதினால் யார் வருவார்கள்

திங்கள். மூடுபனி, தூறல்.

மலையக மக்களுக்கு ஓர் அறிவித்தல்: எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் வசிக்கும் கனம் திரு. பிரசாந்த் (நான்தான்) இன்று ஒரே நிறத்தில் இரண்டு சொக்ஸ் அணிந்து பள்ளிக்கூடம் சென்றார்.

அடுத்த செய்தியில் வேடிக்கை இல்லை. விளையாட்டு வாத்தியார் சேர் ஒரு படிவம் தந்தார். வொலிபோல் பயிற்றுவிப்பாளர் படிப்பு. கொழும்பில் ஒரு வருடம். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். "ஒனக்குக் கை நல்லா வருது. வாய் அதவிட நல்லா வருது." வகுப்பில் சிரிப்பு. நானும் சிரித்தேன். படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அக்கா: "நீ கோச்சு ஆவுறதுக்குள்ள கொழும்பு கோச்சி ஸ்டேஷன விட்டுப் போயிரும்டா."

செவ்வாய். அரை மணி வெயில்.

பாதகங்கள்:
1. பாடம் சிங்களத்தில். டவுனில் கேலி பேசும் அளவுக்கு வரும். பரீட்சை எழுத?
2. டீம் தோற்றால் திட்டு கோச்சுக்கு. ஜெயித்தால் போட்டோவின் ஓரம் கோச்சுக்கு.
3. படித்து வந்தால் வேலை எங்கே? பள்ளிக்கு ஒரு சேர் போதும். அவர் இருக்கிறார்.
4. நான் சொல்லி எவன் கேட்பான்? பள்ளி மணியை ஒரு பாடம் முன்னதாக அடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

நாலாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

புதன். மறுபடி மூடுபனி.

மதியத்துக்குப் பிறகு ஒத்திகை. கோவில் கிரவுண்டில் சின்னப் பயல்களுக்கு முதல் பயிற்சி. பன்னிரண்டு பேர். விசில் ஊதினேன், பறந்தார்கள். பிரமாதம்.

ஒரு சங்கடம். மேலே கொழுந்து பறித்தவர்கள் என் விசிலை, கொழுந்து நிறுக்கக் கங்காணி ஊதும் விசில் என்று நினைத்துவிட்டார்கள். பனியில் யார் ஊதுவது என்று தெரியவில்லை. பாதிக் கொழுந்தோடு மலையே இறங்கி வந்தது. பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீக்கம்.

கங்காணி: "எவன்டா ஊதுனது?"

இறங்கி வந்தவர்களில் அம்மாவும். காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு பார்வை, அவ்வளவுதான்.

வியாழன். காற்று.

செல்வி அக்காவைப் பார்க்கப் போனேன். காலில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தார்.

"நாந்தான் ஊதுனேன்க்கா."

"தெரியும்டா. ரெண்டு மலைக்குக் கேட்டுச்சே. எதுக்கு அத்தன தடவ ஊதுன?"

"பயிற்சிக்கா."

கோச் ஊதினால் ஆட்கள் ஓடுவார்கள். விழுந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இது ஐந்தாவது பாதகம். பட்டியலில் சேர்க்கக் கை வரவில்லை.

வெள்ளி. மழை.

படிவம் இன்னும் பையில். சேர் இரண்டு மணிவரை இருப்பார். இப்போது மணி பன்னிரண்டு.

புதன்கிழமை எழுதியதில் ஒரு திருத்தம். பன்னிரண்டு பேர் வந்தார்கள் என்றது பொய். ஒருவனும் வரவில்லை. வந்துவிடுவார்கள் என்றுதான் ஊதிக்கொண்டே இருந்தேன்.