அழித்துவிட்ட கோப்பும் பட்டியலில் உன் அப்பா பெயரும்

ஓல்கீன்,
மே 9

அன்பு மகள் யுசிமிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் ஒரு நிலையில் இல்லை. மொந்தேவிதேயோவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் தாமதமானதற்கு வேலை காரணமில்லை, பயம்தான். பார்வையற்றோர் சங்கத்துக்கென்று, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று செய்து, நம் வீட்டுக் கணினியிலிருந்து ஊர்க் கேபிள் வலையில் எல்லோருக்கும் போகும்படி விட்டுப் போனாயே, அதை நான் அழித்துவிட்டேன். நூறு சதவீதம் என்று காட்டியது. உள்ளே எதுவும் வரவில்லை, வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து, படமும் தொடரும் நிரப்பி வீடு வீடாக வரும் வாராந்திர டிஸ்க்கில் வந்த துருக்கித் தொடருக்காக இடம் காலி பண்ணினேன். படித்தவள் செய்கிற காரியமா இது?

மறுநாள் கூரை கூரையாகக் கேபிள் இழுக்கிற நிவால்தோ வாசலில் வந்து, “ஏக்கா, ஊரே தொண்ணூத்தேழுல நிக்குது, நீ மூடிட்டியா?” என்று கத்தினான். அறுபத்துமூன்று பேர் துண்டு துண்டாக வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம், கடைசித் துண்டுகள் மட்டும் யாரிடமும் இல்லையாம். திங்கட்கிழமை சங்கத்தில் வகுப்பு, பதினொரு பேர் காத்திருக்கிறார்கள். நீ மறுபடி அனுப்பினாலும் இங்கே போனில் வருகிற இணையத்தில் அது இறங்கி முடிய மாசமாகும். நிவால்தோ, யார் யார் எடுத்தார்கள் என்று காட்டும் பழைய பட்டியலைத் துழாவி, ஒரே ஒரு ஆள் முன்பே முழுசாக எடுத்திருக்கிறார், எடுத்த நிமிஷமே அடுத்தவருக்குக் கொடுக்காமல் மூடிவிட்டார் என்றான். அப்படி மூடுகிறவனை நம் கேபிளில் எப்படித் திட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். யாரென்று கேட்டேன். எலியேசராம். உன் அப்பா.

ஏழு வருஷமாக அவர் இருக்கும் தெருப் பக்கம் போகாதவள் போனேன். கதவைத் திறந்ததும், “யுசிமிக்கு ஏதாச்சுமா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். நீ இதுவரை வெளியிட்ட அத்தனையும் எடுத்து வைத்திருக்கிறார் மகளே, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கத் தெரியாது. பிறகு எதற்கு மூடினீர்கள், வெட்கமாக இல்லையா என்று சத்தம் போட்டேன். “தொறந்து வச்சா பட்டியல்ல எம் பேரு தெரியுமே, மைதேலின். அவ பாத்தா கோச்சுக்குவா. அவ பேரு பக்கத்துல எம் பேரு வேணாம்னு அவதானே சொல்லிட்டுப் போனா” என்றார். காபி கொடுத்தார், குடித்துவிட்டேன், அதையும் மறைக்கவில்லை.

அன்றே திறந்தார். மின்வெட்டில் இரண்டு தடவை நின்று, ஞாயிறு மதியம் நூறைத் தொட்டது. வகுப்பும் நடந்துவிட்டது. அங்கே ஒரு பெரியவர் மென்பொருளின் குரலைக் கேட்டு, “என்னடா இவ, ஸ்பெயின்காரி மாதிரி நாக்கக் கடிச்சுக் கடிச்சுப் பேசுறா” என்று சிரித்தாராம். குரலை மாற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னார்கள்.

ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா இன்னும் மூடவில்லை. நேற்று நிவால்தோவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், திறந்தே வைக்கட்டுமா, மூடிவிடட்டுமா என்று. இப்போது எல்லோரிடமும் முழுசாக இருக்கிறது, அவர் மூடினால் எதுவும் நிற்காது. பட்டியலில் உன் பேர் பக்கத்தில் தன் பேர் இருக்கலாமா என்றுதான் கேட்கிறார் என்று தோன்றுகிறது. பதினேழு வயதில் உன்னைப் பெற்றவள் நான், எத்தனையோ விஷயத்தில் உனக்காக நானே முடிவு சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு, நல்லபடி இரு, எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். ஒரு வரி போதும், எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மைதேலின்