கூடையில் வைக்காத மூன்று கோழிகள்

அக்கா,

எதிர்வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். காலையில் வாசலில் டிரம்மை வைத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்தார்கள். அது கொதித்துப் புகைந்தபோது வந்த வாசனையில் என்னால் நிற்க முடியவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொல்லையில் நாம் இருவரும் வெட்டிய குழியும், அதில் கிடந்த கோழிகளின் மேல் நீங்கள் கொட்டிய சுண்ணாம்பும் கண்முன்னே வந்துவிட்டன. அதற்குப் பிறகும் நம் தெருவில் எத்தனையோ வீடுகளுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். இன்று மட்டும் ஏன் இப்படி என்றால், போன வாரம்தான் உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொல்லாததை.

தேங்காய்த்திட்டில் நம் இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். நடுவில் வேலி கிடையாது, பின்னால் வாய்க்கால். மில் மூடி வேலை போன பிறகு உங்கள் வீட்டுக்கார அண்ணன் அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. அவர் போனதும் இருபது கோழியும் ஒரு டஜன் வாத்துமாக உங்கள் பிழைப்பை நீங்களே அமைத்துக்கொண்டீர்கள். வெயில் நன்றாக ஏறும் வரை வாத்துகளைத் திறந்துவிட மாட்டீர்கள். "இப்ப உட்டா வாய்க்கால்லயே முட்டையப் போட்டுட்டு வரும். எங்க போட்டோம்னுகூட அதுங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்பீர்கள். சாயங்காலம் கூட்டை அடைக்கும்போது ஒவ்வொரு கோழியின் கழுத்தடியையும் தொட்டுப் பார்ப்பீர்கள். இரை நிறைந்திருந்தால் உள்ளே போகும். காலியாக இருந்தால் அது மட்டும் தனியாக ஒரு கூடைக்குள். கறிக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு நீங்களே அறுத்துச் சுத்தம் செய்து கொடுப்பீர்கள். அந்த நேரத்தில் யாரும் உங்களோடு பேசக் கூடாது.

நான் ஆறு கோழி வளர்க்க ஆரம்பித்ததும் உங்களால்தான். "தையல் மிஷினுலயே குந்திக்கினு இருந்தா இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்? கொஞ்சம் வெளிய வந்து நில்லும்மா." இனாமாக ஒரு அடைக்கோழியைத் தந்தீர்கள். அதோடு ஒரே ஒரு கண்டிப்பு: வெளியிலிருந்து வாங்கும் கோழி எதுவானாலும் பதினைந்து நாள் தனிக் கூடையில் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் உங்களுக்கு சிக்குன்குனியா வந்தது. மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடந்தீர்கள். கோழிகளுக்குக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி போட வேண்டிய தேதி அந்த வாரங்களில்தான் வந்துபோனது. ஊசியை நீங்களேதான் போடுவீர்கள். எனக்கு இறக்கையைப் பிடிக்கத்தான் தெரியும். "எழுந்ததும் போட்டுக்கலாம்மா, நீ தீனி மட்டும் பாத்துக்க" என்று எல்லாவற்றையும் என்னிடம் விட்டீர்கள்.

மூன்றாவது வாரத்தில் நான் சந்தைக்குப் போனேன். ஒருவன் கடையைக் கட்டுகிற அவசரத்தில் மூன்று கோழிகளை மலிவாகத் தள்ளிவிட்டான். ஒரு ராத்திரி கூடையில் வைத்தேன். மறுநாள் கடலூரிலிருந்து என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்தக் கூடை கத்தலும் நாற்றமுமாக நடுவீட்டில் இருந்தது. திறந்து கொல்லையில் விட்டேன்.

இரண்டாம் நாள் அதில் ஒன்று சிறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, சுவரோரம் நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும், அக்கா. நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அப்போதே உங்களிடம் ஓடி வந்திருந்தால், படுத்த படுக்கையிலிருந்தாவது நீங்கள் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். நீங்கள் திட்டுவீர்கள் என்று பயந்தேன். பயத்துக்கு மேல் வெட்கம். அந்தக் கோழியை அறுத்தேன். இறகையும் குடலையும் முருங்கைமரத்தடியில் போட்டேன். உங்கள் கோழிகள் வந்து கிளறின. நான் விரட்டக்கூட இல்லை. கறியைக் குழம்பு வைத்து, ஒரு கிண்ணத்தில் உங்களுக்கும் கொண்டுவந்தேன்.

"எங்க கிழட்டுச் சேவல அடிச்சேன்க்கா" என்றேன்.

நீங்கள் எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டீர்கள். "இன்னிக்கிதாம்மா வாயில ருசியே தெரியுது" என்றீர்கள்.

நான்காம் நாள் உங்கள் கோழிகள் சாக ஆரம்பித்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு, வட்டமடித்து விழுந்தன. என்னுடையதும்தான். வீங்கிய முட்டியோடு நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். ஒரு வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாத்துகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நாம் குழி வெட்டும்போது அவை தீனிக்காகக் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கேட்டார்: "புதுக் கோழி எதனா வாங்கி உட்டீங்களா?"

நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். "இவ ரெண்டு வாங்கினா சார். ஆனா நான் படுத்த அன்னிக்கே வாங்கி, பதினஞ்சு நாள் கூடையில வெச்சிதான் உட்டா. இவ சுத்தமா செய்யிறவ. தப்பு என்னுதுதான் சார், ஊசி தள்ளிப்போச்சு."

அறுத்தது போக மீதி இரண்டைப் பற்றி நான் உங்களிடம் சொல்லியிருந்த பொய்யை எனக்காக அவரிடம் சாட்சியாகச் சொன்னீர்கள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ. அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நான் சோறு தின்றேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொன்னேன். அக்கா ஊசி போடாம உட்டுட்டாங்க, பாவம்.

கோழி இல்லாமல் வாத்தை மட்டும் வைத்து உங்களால் ஓட்ட முடியவில்லை. அவற்றையும் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டுத் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனீர்கள். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கை. உங்களுக்குச் சர்க்கரை இருந்தது நமக்கே அப்போது தெரியாது. மீன் முள் குத்திய விரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள், பிறகு கையை எடுத்தார்கள், பிறகும் நிற்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பகலெல்லாம் நான்தான் உங்களோடு இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது நீங்களே ஆரம்பித்தீர்கள். "அந்த ஊசிய மட்டும் போட்டிருந்தா நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்ல?"

உங்கள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "விடுக்கா, அதையே நெனச்சிக்கினு" என்றேன். அடுத்த கரண்டியை ஊட்டினேன். நாலு நாள் கழித்து நீங்கள் இல்லை.

இப்போது உங்கள் மகள் வில்லியனூரிலிருந்து வந்து அந்த வீட்டில் இருக்கிறாள். கோழி வளர்க்கப் போகிறாளாம். போன வாரம் கூண்டு அடிக்க வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கம்மா கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டாங்க, எல்லாம் போச்சு. நான் அப்படி இருக்க மாட்டேன்."

நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் போகும்வரை காத்திருந்து, சொன்னேன். சந்தை, கூடை, முருங்கைமரத்தடி, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. ஒன்று கேட்டாள்.

"அந்தச் சீக்குக் கோழிய எங்கம்மாவுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க. நல்லா இருக்குன்னாங்க."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து வாசற்படியில் நின்றுகொண்டே சொன்னாள்: "எங்கிட்ட சொன்னா பத்தாது. ஊசி போடலன்னு யார் யாருகிட்ட சொன்னீங்களோ, அத்தன பேருகிட்டயும் போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கூட பேசாதீங்க."

மறுநாளே கொல்லைக்கு நடுவில் தகரத் தடுப்பு அடித்துவிட்டாள்.

போய்க்கொண்டிருக்கிறேன், அக்கா. நம் தெருவில் ஐந்து வீடு ஆயிற்று. சந்தைப் பக்கத்துக் கடைக்காரம்மா, "கோழிக்காகவா இம்மாந்தூரம் வந்தே?" என்று சிரித்தாள். உங்களோடு மீன் பிரித்தவள் ஒருத்தி சிரிக்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தவள், நான் சொல்லி முடித்ததும் அந்தச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் வீட்டுக்காரர், "போனது போச்சு, ஏன் மானத்த வாங்கிக்கிறே" என்கிறார்.

இன்னும் வீராம்பட்டினத்தில் உங்கள் தம்பி வீடு இருக்கிறது. ஒரு ஊசி போடத் துப்பில்லை என்று உங்களை வாசலில் வைத்துப் பேசியவர். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டியவள் நான்தான். நாளைக்குக் காலையில் போகிறேன். அவர் வெளுத்து வாங்கினால் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். அந்தப் பேச்செல்லாம் எனக்கு வர வேண்டியது; இத்தனை வருஷமாக உங்கள் பேரில் இருந்தது.