ஏற்கெனவே வருத்தம் உள்ள பிள்ளை

2022 ஜனவரி 22, சனி

ஆரணனுக்கு முதல் கொரோனா ஊசி போட்டாயிற்று. மனுரேவா தடுப்பூசி நிலையத்தில் கூட்டம் அவ்வளவாக இல்லை. மெலிந்த கையில் எங்கே குத்துவது என்று தாதி தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தொடையில குத்துங்கோ, அங்கதான் கொஞ்சம் இறைச்சி இருக்கு" என்று இவனே சொன்னான், தன் ஆங்கிலத்தில். எட்டு வயதுக்கு இந்தக் கதை. தாதி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

இரண்டாவது ஊசி எட்டு வாரம் கழித்து. அதுவரைக்கும்?

பெப்ரவரி 3, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அனுப்பவில்லை. சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னான். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பையோடு போவதைப் பார்த்தான்.

பெப்ரவரி 9

அவனைப் பார்க்கும் பெரிய டாக்டர் போன் எடுத்தா. தொற்று வந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவவும் சுற்றி வளைக்கவில்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தடிமனோடு போய்விடுமாம். கடுமையாவது அபூர்வமாம். ஆனால் இதயத்தில், நுரையீரலில், நரம்பில், தசையில் நாட்பட்ட நோய் உள்ள பிள்ளைகள் வேறு. நீரிழிவு, அதிக எடை, எதிர்ப்புச் சக்தி குறைவு, குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தைகள் — அவர்களும் வேறு. ஒன்றுக்கு மேல் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆரணனுக்குத் தசை நலியும் வருத்தம். நியுமோனியா வந்ததிலிருந்து நுரையீரலும்.

"கிருமி மட்டும் இல்லை. சளியை வெளியே தள்ளுகிற அளவுக்கு அவனால் இரும முடியாது. அதுதான் எனக்குப் பயம்" என்றா. டாக்டர் பயம் என்று சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

பெப்ரவரி 20

பக்கத்து வீட்டு ரஷ்மி வாசலில் காய்கறி வைத்துவிட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். தன் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போகின்றனவாம். "ரேடியோல சொல்றாங்கப்பா, பசங்களுக்கு ஒண்ணும் ஆகாதாம். ஏற்கெனவே ஏதாவது இருக்கிறவங்களுக்குத்தானாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போயிற்று. ஆறுதலுக்குச் சொன்னதுதான், தெரியும். எல்லோரும் அதைச் சொல்லித்தான் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள். அந்த "ஏற்கெனவே" என்னுடைய பிள்ளை. உள்ளே படுத்திருந்து கார்ட்டூன் பார்க்கிறான்.

ரஷ்மியைக் கோபிக்க முடியவில்லை. காய்கறியைத் துடைத்து எடுத்து வைத்தேன்.

பெப்ரவரி 26

ஈஸ்ட் டாமாக்கியில் ஆரணனின் அப்பா யசீகரன் வேலை செய்கிற குளிர்களஞ்சியத்தில் தொற்று வந்துவிட்டது. இவர் வாசலில் நின்றே சொன்னார், வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. "நான் தம்பி சஞ்சீவன்ட போறன். ரானுயில தனியத்தான இருக்கிறான். இது அடங்கும் மட்டும் அங்க நிக்கிறன்."

உடுப்புப் பையைப் படியில் வைத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். ஆரணன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கண்ணைச் சிமிட்டினான். அவனுக்குக் கை தூக்க ஏலாது.

மார்ச் 2

பிம்லாவும் இனி வரமாட்டா. காலையில் அவனைக் குளிப்பாட்டித் தூக்கி உட்கார வைக்கிறவ. வீட்டில் மருமகனுக்குப் பரிசோதனையில் இரண்டு கோடு வந்துவிட்டதாம். போனில் அழுதா. நீங்கள் வராமல் இருப்பதுதான் உதவி என்றேன்.

மார்ச் 6

முதுகு பிடித்துவிட்டது. அவனைத் தூக்க வேறு ஆளில்லை.

மார்ச் 8

தொண்டை கரகரத்தது. பரிசோதித்தேன்.

எனக்குத்தான்.

மார்ச் 9

எங்கே பிடித்தது? மருந்துக்கடையிலா, பால் வாங்கின டெய்ரியிலா? தகப்பனைத் தள்ளி வைத்தேன், பள்ளிக்கூடத்தைத் தள்ளி வைத்தேன். என்னை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

இவருக்குத் தொற்றவில்லை, உடனே வந்துவிட்டார். நான் அறைக்குள். அவனுக்குச் சளியை இழுத்தெடுக்கிற இருமல் மெஷின் பிடிக்க இவருக்குச் சரியாகத் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "மாஸ்க்கை இறுக்கிப் பிடியுங்கோ. காத்து உள்ள போகட்டும். இப்ப இழுக்கும், விடாதேங்கோ."

"கத்தாதயும், பிள்ளை பயப்பிடுறான்."

ஆனால் ஆரணன் பயப்படவில்லை. தகப்பனுக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். கதவில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

அவனுக்கும் வந்துவிட்டது. காலையில் மெல்லிய காய்ச்சல்தான். மத்தியானம் மூச்சு மேலே மேலே வாங்கியது, விரலில் மாட்டும் கருவியில் எண் இறங்கியது. இரவில் மட்டும் போடுகிற மூச்சு மெஷினைப் பகலிலேயே போட்டும் ஏறவில்லை. ஆம்புலன்ஸில் ஒரு ஆள்தான் கூடப் போகலாம், தொற்றில்லாத ஆள். இவர் போனார்.

நான் ஜன்னலில். கொண்டுபோகும்போது என் பக்கம் தலையைத் திருப்பிவிடச் சொன்னான் போல. ஆம்புலன்ஸ்காரி நின்று, குனிந்து, திருப்பிவிட்டாள்.

மார்ச் 13

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து டாக்டர் கதைத்தார். இவர் வீடியோவில் போனைப் பிடித்திருந்தார். தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் விட்டால் நுரையீரலுக்கு ஓய்வு. ஆனால் இப்படித் தசை வருத்தம் உள்ள பிள்ளைக்குப் பிறகு குழாயை எடுக்க முடியாமலும் போகலாம். போடாவிட்டால் களைத்துப் போவான். களைத்துப் போவான் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

"நீர் சொல்லும்" என்றார் இவர். என்னால் எப்படி? கிட்ட இருந்து அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் எப்படிச் சொல்ல?

இவர் அவனிடமே கேட்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. போடச் சொன்னான். முதலில் அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போடச் சொன்னான்.

ஓம் என்றேன்.

மார்ச் 14

போட்டுவிட்டார்கள்.

மார்ச் 19

உள்ளே விட்டார்கள். அவன் கால் குளிர்ந்திருந்தது. தேய்த்துவிட்டேன். அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பெண், இதய வருத்தமாம். தாய் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

மார்ச் 30

குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மாலையில் திரும்பப் போட வேண்டி வந்துவிட்டது.

ஏப்ரல் 8

இரண்டாம் தரம் எடுத்தார்கள். மூச்சு நின்றது. குழாயில்லாமல் நின்றது — இப்படி எழுதினால் வேறு மாதிரி இருக்கிறது. நிலைத்தது. நிலைத்தது. இவர் நடைபாதையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதார்.

மே 12

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூச்சு மெஷின் இனிப் பகலிலும். விழுங்கினால் நுரையீரலுக்குள் போகிறது. அதனால் வயிற்றில் குழாய், அதற்குள் பால். வாயால் ஒன்றும் இல்லை. விழுங்குவது திரும்பி வருமா என்று கேட்டதற்கு, "எதிர்பார்த்து இருக்காதீர்கள்" என்றா டாக்டர்.

ஜூன் 18, சனி

வந்ததிலிருந்து நாங்கள் இருவரும் கராஜில்தான் சாப்பிடுகிறோம். சமைப்பதும் அங்கேதான், சின்ன அடுப்பு வைத்து, கதவை இறுக்கிப் பூட்டிவிட்டு. அவனுக்கு மணம் போகக்கூடாது என்று.

இன்றைக்குப் பால் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டான், ஏன் ஒவ்வொரு நாளும் கராஜுக்குப் போகிறீர்கள் என்று. சும்மா என்றேன். நாலு சொல்லுக்கு ஒருமுறை மெஷின் மூச்சுக்குக் காத்திருந்து, காத்திருந்து, தன் ஆங்கிலத்தில் சொன்னான்: "எனக்குத் தெரியும். இங்க வந்து சாப்பிடுங்கோ. மணக்க விருப்பம்."

மீன் குழம்பும் சோறும். இவர் சோற்றுக் கோப்பையோடு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார், ஆனால் கை வைக்கவில்லை. நான் பிசைந்தேன். ஆரணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"புளி கூடிப்போச்சு" என்றான், தமிழில்.

வாயில் வைத்துப் பார்த்தேன். ஓம், கூடித்தான் போயிருந்தது.