பாலத்தில் நின்ற கார்

ஐப்பசி 14, செவ்வாய்

கிண்ணியா மருத்துவமாது றிஸானாவின் கார் போன கிழமை பாலத்தில் கியர் விழாமல் நின்றுவிட்டது. இன்று கராஜில் அதன் கியரை இயக்கும் கொம்பியூட்டர் பெட்டியை மாற்றினேன். கார் நன்றாக ஓடியது. பழையதில் என்ன பிழை என்று பார்க்க அதையே திரும்பப் பூட்டினேன். அப்போதும் நன்றாகத்தான் ஓடியது. பிறகு புதியதையே பூட்டிவிட்டேன். ஆனால் பிழை எதில் இருந்தது?

பின்னேரம் றிஸானா வந்தா.

“அண்ணன், இனி நிக்காதுதானே? விடியப்புறம் குறிஞ்சாக்கேணியில இருந்து ஒரு பிள்ளைத்தாச்சியப் பாலத்தால பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரவேணும்.”

“ஓம் தங்கச்சி. பிழையைக் கண்டுபிடிச்சிட்டன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இப்போது நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். என் வான் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தடியில் போய் நிற்பேன். அவ என்னைக் கண்டு கேட்டால், மீன் வாங்க வந்தேன் என்று சொல்வேன்.